படையில் உடற்தகுதித் தேர்வும் தலைவருக்குக் கிடைக்கும் மரியாதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படையில் சேர ஆசைப்படும் இளைஞர்கள், புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரிகள், பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டு இருக்கும் பெற்றோர் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள்: வீரனை ஓடச் சொல்லும் அதிகாரி தானும் ஓட வேண்டுமா? ஓடாவிட்டால் அவரை மதிக்க வேண்டுமா? ஒரே வரியில் இதற்கு விடை சொல்ல முடியாது. பல நாட்டுப் படைகளின் விதிகளையும் வரலாற்றையும் எடுத்துக்கொண்டு, என் கருத்தையும் மறைக்காமல் கேள்வி கேள்வியாகச் சொல்கிறேன்.

இன்றைய போரை இயந்திரங்கள்தானே நடத்துகின்றன? இன்னும் ஏன் ஓட்டமும் தண்டாலும்?

இயந்திரம் கைகொடுக்காத நாள் வரும். 1982-ல் தென் அட்லாண்டிக் தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் படை தன் வீரர்களைப் பெரிய சினூக் ஹெலிகாப்டர்களில் ஏற்றி முன்னே கொண்டுபோக எண்ணியிருந்தது. மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் என்ற கப்பல் ஏவுகணைத் தாக்குதலில் எரிந்தது. அதிலிருந்த மூன்று சினூக்குகளும் அதோடு போயின. அதன்பின் '45 கமாண்டோ' என்ற ராயல் மரீன் பிரிவினர் ஆளுக்கு ஏறக்குறைய 36 கிலோ சுமையோடு, சேறும் கல்லும் நிறைந்த நிலத்தில் மூன்று நாளில் 90 கிலோமீட்டர் நடந்தே போனார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர்களுக்குச் சண்டையே இருந்தது.

1999-ல் கார்கிலில் டைகர் ஹில்லைப் பிடித்தவர்களும் அப்படித்தான். 5,000 மீட்டருக்கு மேல் உயரம், மூச்சுக்குப் போதாத காற்று, இரவு, செங்குத்துப் பாறை. அங்கே நுரையீரலும் தொடையும்தான் வாகனம்.

பலரும் மறந்துவிடும் இன்னொரு காரணம் களைப்பு. களைத்த உடலில் கவனம் சிதறும். வரைபடத்தைத் தப்பாகப் படிப்போம். ரேடியோவில் வந்த எண்ணை மாற்றிக் கேட்போம். ஒரே சுமையைத் தூக்கிக்கொண்டு ஒரே தூரம் நடந்த இருவரில், உடல் தேறியவருக்கு முடிவெடுக்கக் கொஞ்சம் தெம்பு மிச்சமிருக்கும். தலைவருக்கு உடற்தகுதி வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். தோற்றம், மிடுக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

தேர்வில் என்னதான் சோதிக்கிறார்கள்?

நாட்டுக்கு நாடு மாறும். இந்திய ராணுவத்தில் நெடுங்காலமாக இரண்டு தேர்வுகள். ஒன்று, 2.4 கிலோமீட்டர் ஓட்டம், சின்-அப், தண்டால், சிட்-அப் போன்றவை அடங்கிய பி.பி.டி. என்ற உடல்திறன் தேர்வு. மற்றொன்று, போர்க்கால உடுப்பும் ஆயுதமும் சுமந்து 5 கிலோமீட்டர் ஓட்டம், 60 மீட்டர் விரைவோட்டம், கயிறு ஏற்றம், 9 அடிப் பள்ளம் தாண்டுதல் எல்லாம் வரும் பி.பி.இ.டி. என்ற போர்த்திறன் தேர்வு.

அமெரிக்க ராணுவம் 1980 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மூன்றே பயிற்சிகளை வைத்திருந்தது: இரண்டு நிமிடத் தண்டால், இரண்டு நிமிட சிட்-அப், 3.2 கிலோமீட்டர் ஓட்டம். போர்க்களத்தில் இழுப்பது, தூக்குவது, சுமப்பது எதையும் அது அளக்கவில்லை என்று நெடுநாள் குறை இருந்தது. ஆறு பயிற்சிகள் கொண்ட புதிய தேர்வு 2022-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூனில் அதுவும் மாறி, ஐந்து பயிற்சிகள் ஆனது: டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குதல்), தண்டால், ஓடி இழுத்துச் சுமக்கும் சுற்று, பிளாங்க் (முழங்கை ஊன்றி உடலை நேராக நிறுத்துதல்), 3.2 கிலோமீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், மொத்தம் 500.

2.4 கிலோமீட்டர் என்ற தூரத்தை எங்கிருந்து பிடித்தார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்க விமானப்படையில் மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர், 12 நிமிடத்தில் ஒருவர் ஓடும் தூரத்தை வைத்தே அவருடைய உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்று நன்றாக மதிப்பிடலாம் என 1968-ல் காட்டினார். ஆய்வகக் கருவியும் முகமூடியும் இல்லாமல் மைதானத்தில் ஒரே நேரத்தில் நூறு பேரை அளக்க வழி பிறந்தது. 2.4 கிலோமீட்டர் அந்த வழியில் வந்த தூரம்தான், ஒன்றரை மைல்.

வயதுக்கு ஏற்ப மதிப்பெண் மாறுகிறதே. அது சலுகை இல்லையா?

இந்தக் குழப்பத்தில்தான் பாதிச் சண்டையும் நடக்கிறது. தேர்வுகளில் இரண்டு வகை உண்டு.

ஒரு வகை, இந்த உடல் இந்த வயதுக்கு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது. பயிற்சி இல்லாதவருக்கு முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு ஏறக்குறைய பத்து விழுக்காடு மூச்சுத்திறன் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்பவருக்குக் குறைவு மெதுவாக நடக்கும். 50 வயதுக்காரரை 20 வயதுக்காரரின் நேரத்தோடு ஒப்பிட்டால் அவருடைய உடல்நலத்தைப் பற்றி நமக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஆகவே இங்கே வயதுவாரி அட்டவணை நியாயம்.

இன்னொரு வகை, இந்த வேலையை இவரால் செய்ய முடியுமா என்று பார்ப்பது. குண்டு பட்டவரை இழுத்து மறைவிடம் சேர்க்க வேண்டும் என்றால், அடிபட்டவரின் எடை இழுப்பவரின் வயதைப் பார்த்துக் குறையாது. பிரிட்டிஷ் ராணுவம் 2019-ல் கொண்டுவந்த பணிசார் தேர்வுகள் இந்த வகை. நேரடிப் போர்ப் பணியில் இருப்பவர் 40 கிலோ சுமையோடு 4 கிலோமீட்டரை 50 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். பிறகு 25 கிலோவோடு 2 கிலோமீட்டரை 15 நிமிடத்துக்குள். வயதும் பாலினமும் இதில் கணக்கில் இல்லை.

முதல் வகைத் தேர்வின் மதிப்பெண்ணைக் காட்டி இரண்டாம் வகை வேலைக்கு ஆள் எடுத்தால் வீரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுப்பதில் நியாயமும் இருக்கிறது.

தலைவருக்கும் வீரனுக்கும் ஒரே அளவுகோல் வைக்கும் படைகள் உண்டா?

தலைவருக்குக் கூடுதலாகவே வைக்கும் படைகளும் உண்டு. பிரிட்டனின் ராயல் மரீன் கமாண்டோ பயிற்சியின் கடைசித் தேர்வு, டார்ட்மூர் மேட்டுநிலத்தில் சுமையோடு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். பயிற்சி வீரர்களுக்கு 8 மணி நேரம். இளம் அதிகாரிகளுக்கு 7 மணி நேரம். அதே மண், தேறியவர் அணியும் அதே பச்சைத் தொப்பி. அதிகாரிக்கு ஒரு மணி நேரம் குறைவு. லிம்ப்ஸ்டோனில் ஒரே வளாகத்தில்தான் இரு தரப்பும் பயிற்சி பெறுகிறார்கள் என்பதால், தன் அதிகாரி எதைக் கடந்து வந்தார் என்பது அங்கே ஒவ்வொரு வீரனுக்கும் தெரியும்.

அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பள்ளியில் வேறொரு முறை. உள்ளே நுழைந்ததும் பதவிச் சின்னத்தைக் கழற்றிவிட வேண்டும். கேப்டனும் சிப்பாயும் ஒரே மூட்டையைச் சுமப்பார்கள். ஒரே பட்டினி, ஒரே தூக்கமின்மை. அதற்கு மேல், உடன் பயில்பவர்கள் ஒருவரை ஒருவர் மதிப்பிட்டு வரிசைப்படுத்துவார்கள். உடல் தேர்வை எல்லாம் கடந்தவர்கூட, கூட்டாளிகள் நம்பவில்லை என்றால் சிக்கலில் மாட்டிக்கொள்வார். வேகமாக ஓடுபவரும், மூட்டை கனக்கும்போது மற்றவர் மூட்டையிலும் கை வைப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை அந்தப் பள்ளி புரிந்து வைத்திருக்கிறது.

அப்படியானால் முதலாவதாக ஓடி வருபவருக்குத்தான் மரியாதையா?

இல்லை. முதலாவதாக வருவது பாராட்டைத் தரும். அது சீக்கிரம் மறந்துபோகும். நூறு பேர் கொண்ட பிரிவில் தலைவரைவிட வேகமான பத்து இளைஞர்களாவது இருப்பார்கள். அவர்கள் அவரைக் குறைவாக மதிப்பதில்லை. காலை ஐந்தரை மணிக்கு அவர் வரிசையில் நிற்கிறாரா, மழை நாளில் நிற்கிறாரா, தேர்வு நாளில் தன் நேரத்தை எல்லோர் முன்னாலும் எழுத விடுகிறாரா என்றுதான் பார்ப்பார்கள். தலைவர் மற்றவர்களுக்கு விதித்ததைத் தானும் ஏற்றாரா என்பதே அவர்களுடைய கணக்கு.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல், இங்கிலாந்தில் ஐந்தாவது கோர் படைக்குத் தலைமை ஏற்ற பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி, வாரம் ஒருமுறை தலைமையகத்தில் நாற்பது வயதுக்கு உட்பட்ட எல்லோரும் ஏழு மைல் ஓட வேண்டும் என்றார். மேசையில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவருக்கும் விலக்கில்லை. தலைமையகத்தில் இருக்கும் அதிகாரி வசதியாக இருக்கிறார், நாம்தான் சாகிறோம் என்ற எண்ணம் முதல் உலகப் போரில் வீரர்களிடையே ஆழமாக ஊறியிருந்தது. அந்தக் கசப்பை அந்தப் போரில் நேரில் கண்டவர் அவர்.

அதே போரில் பர்மாவில் பதினான்காவது படைக்குத் தலைமை வகித்த பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் ஓட்டத்தைத் தொடாமலே இதே காரியத்தைச் செய்தார். முன்வரிசைப் பிரிவுகளுக்குப் பாதி ரேஷன்தான் போகிறது என்றால், தன் தலைமையகத்துக்கும் பாதி ரேஷன் என்றார். அதனால் மிச்சமான தானியம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் பசித்த வயிற்றோடு இருந்த தலைமையக அதிகாரிகளுக்கு முன்வரிசைக்கு உணவு போய்ச் சேர வேண்டிய அவசரம் புரிந்தது. ஸ்லிம் பெரிய ஓட்டக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. அவருடைய வீரர்கள் அவரை மாமா என்று சொல்லும் 'அங்கிள் பில்' என்ற பெயரால் அழைத்தார்கள். இந்த இருவரில் ஒருவரைத்தான் பின்பற்ற முடியும் என்றால் நான் ஸ்லிமைத் தேர்ந்தெடுப்பேன்.

தளபதியின் வேலை மூளை வேலை. ஐம்பது வயதில் அவர் எதற்கு ஓட வேண்டும்?

வலுவான கேள்வி இது. வரலாறு இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது.

வின்ஃபீல்ட் ஸ்காட்டை எடுத்துக்கொள்வோம். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது ராணுவத்தின் தலைமைத் தளபதி அவர். வயது 75-ஐ நெருங்கியிருந்தது. உடல் பெருத்து, நோயும் சேர்ந்து, குதிரை ஏற முடியாத நிலை. அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் பிரிந்துபோன தென் மாநிலங்களின் துறைமுகங்களை முற்றுகையிட்டு, மிசிசிப்பி ஆற்றைக் கைப்பற்றி எதிரியை இரண்டாகப் பிளக்க வேண்டும் என்ற திட்டத்தைச் சொன்னவர் அவர்தான். சீக்கிரமே போரை முடித்துவிடலாம் என்று நம்பியவர்கள் அதைப் பரிகசித்தார்கள். அவர் அந்த ஆண்டு நவம்பரில் ஓய்வு பெற்றார். 1863 ஜூலையில் விக்ஸ்பர்க் வீழ்ந்து மிசிசிப்பி முழுவதும் கைக்கு வந்தபோது, போர் அவர் சொன்ன வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1812-ல் நெப்போலியனை எதிர்கொண்ட ரஷ்யத் தளபதி குதுஸோவும் 67 வயதுக்காரர்; பருத்த உடம்பு, தலையில் பட்ட பழைய காயங்களால் பழுதான கண். வீரர்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை.

மறுபக்கம் வில்லியம் ஷாஃப்டர். 1898-ல் கியூபாவில் இறங்கிய அமெரிக்கப் படைக்குத் தலைவர். எடை 130 கிலோவுக்கு மேல். வெயிலும் கீல்வாதமும் அவரைப் படுக்கவைத்துவிட்டன. ஜூலை 1 அன்று சான் ஹுவான் மேடுகளில் சண்டை நடந்தபோது அவரால் களத்துக்கு வந்து நடத்த முடியவில்லை. அதே சண்டையில் தன்னார்வக் குதிரைப்படையோடு முன்னால் போனவர் தியோடர் ரூஸ்வெல்ட்.

அதே ரூஸ்வெல்ட் பின்னால் அதிபர் ஆனார். மூன்று நாளில் 50 மைல் நடக்க வேண்டும், அல்லது 100 மைல் குதிரை ஓட்ட வேண்டும் என்று 1908-ஐ ஒட்டி அதிகாரிகளுக்கு ஆணைகள் பிறப்பித்தார். புலம்பல் எழுந்தது, இது கொடுமை என்றார்கள். 1909 ஜனவரி 13 அன்று, குளிரும் பனிமழையுமான நாளில், 50 வயது ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையிலிருந்து வர்ஜீனியாவின் வாரன்டன் வரை குதிரையில் போய்த் திரும்பினார். மூன்று நாளுக்கு விதித்த ஏறக்குறைய 100 மைலை ஒரே நாளில் முடித்துவிட்டார். அதன்பிறகு அந்த விதியைக் கொடுமை என்று சொல்வது கடினமாகிவிட்டது.

ஸ்காட்டின் வேலை தலைநகரில் உட்கார்ந்து கண்டத்தையே ஒரு வரைபடமாகப் பார்ப்பது. அதற்கு அவருடைய உடல் போதும். ஷாஃப்டரின் வேலை வெப்ப மண்டலக் காட்டில் நின்று படை நடத்துவது. அதற்கு அவருடைய உடல் போதவில்லை. ஐம்பது வயதுத் தளபதி இருபது வயது வீரனோடு போட்டி போட வேண்டாம். நாலு நாள் சரியாகத் தூங்காமல், வெயிலிலும் குளிரிலும் தெளிவாக யோசிக்கும் அளவுக்கு அவர் உடலை வைத்திருக்க வேண்டும். அந்த அளவு சின்னதல்ல. நடந்து, ஓடி, எடை தூக்கித்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

தொப்பை இருக்கும் அதிகாரியைத் தகுதியற்றவர் என்று முடிவு கட்டலாமா?

கண்ணால் பார்த்து முடிவு கட்டக்கூடாது. உயரத்துக்கேற்ற எடை அட்டவணையில் தடித்த தசை உள்ளவரும் அதிக எடைக்காரராகத்தான் தெரிவார். இதை உணர்ந்துதான் அமெரிக்க ராணுவம் 2023-ல் ஒரு விலக்கு கொடுத்தது: அப்போதைய தேர்வில் ஒவ்வொரு பயிற்சியிலும் 80-க்குக் குறையாமல், மொத்தம் 600-க்கு 540 அல்லது அதற்கு மேல் எடுத்தவருக்கு உடல் கொழுப்பு அளவீடு தேவையில்லை. செயல் நன்றாக இருந்தால் இடுப்பு நாடாவைத் தேடிப் போகாதே என்று பொருள்.

அதே நேரம் வயிற்றில் சேரும் கொழுப்பை அலட்சியம் செய்யவும் முடியாது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதயநோய் எல்லாம் அதோடு சேர்ந்தே வருகின்றன. முகாமில் மாரடைப்பு வந்த அதிகாரியைக் கீழே இறக்கிவர நாலு பேர் வேண்டும். ஒரு ஹெலிகாப்டரும் வேண்டியிருக்கும்.

2025 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் குவாண்டிகோ தளத்தில் பாதுகாப்புத் துறைத் தலைவர் பீட் ஹெக்செத், நூற்றுக்கணக்கான ஜெனரல்களையும் அட்மிரல்களையும் கூட்டிவைத்து, பருத்த ஜெனரல்களைப் பார்க்கவே ஏற்கமுடியவில்லை என்று பேசினார். எந்தப் பதவியில் இருந்தாலும் ஆண்டுக்கு இரண்டு முறை உடற்தகுதித் தேர்வும் உயர எடை அளவும் கட்டாயம் என்றும் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். நாலு நட்சத்திர ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே விதி இருக்கட்டும். முதலில் சொன்ன தொனி எனக்கு உடன்பாடில்லை. தலைவர்களின் உடம்பைச் சபையில் வைத்து இகழ்ந்தால், கீழே இருப்பவரும் அதையே கற்றுக்கொள்வார். விதியை எல்லோருக்கும் வைத்து, அளந்து, தவறியவருக்கு நடவடிக்கை எடுத்தாலே போதும்.

போரில் கை கால் இழந்த தலைவர்கள் இந்த அளவுகோலில் எங்கே வருவார்கள்?

1971 போரில் கூர்க்கா பிரிவின் மேஜராக இருந்த இயன் கார்டோசோ கண்ணிவெடியில் கால் சிதைந்தவர். மருத்துவ வசதி இல்லாத நிலையில் தன் குக்ரி என்ற வளைந்த கத்தியாலேயே அந்தக் காலை வெட்டிக்கொண்டார். சிறைபிடிக்கப்பட்ட பாகிஸ்தான் ராணுவ மருத்துவர் ஒருவர் பிறகு அவருக்கு அறுவை சிகிச்சை செய்தார். மேசை வேலை போதும் என்று அவர் ஒதுங்கவில்லை. செயற்கைக் காலோடு பயிற்சி செய்து, தன்னால் படை நடத்த முடியும் என்று மெய்ப்பித்து, இந்திய ராணுவத்தில் காலாட்படைப் பட்டாலியனுக்கும் பிறகு பிரிகேடுக்கும் தலைமை ஏற்ற முதல் உடல் ஊனமுற்ற அதிகாரி ஆனார். மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார்.

பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடர் 1931-ல் விபத்தில் இரண்டு காலையும் இழந்தவர். 1940-ல் பிரிட்டன் மீது நடந்த வான்போரில் ஒரு ஸ்குவாட்ரனுக்குத் தலைவராகப் போர் விமானம் ஓட்டினார்.

இவர்கள் கதையை எடுத்துச் சொல்லி, தேர்வே வேண்டாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. இவர்கள் இருவருமே தேர்வைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. தங்களை அளந்து பார்க்கச் சொன்னார்கள். காயம் பட்டவருக்குப் படை செய்ய வேண்டிய மரியாதையும் அதுதான். இரக்கத்தோடு ஒரு மூலையில் உட்கார வைத்துவிடாமல், அவர் கேட்கும் வேலைக்கு என்ன தேவையோ அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பெண் அதிகாரிக்குத் தேர்வில் சலுகை இருந்தால் வீரர்கள் மதிப்பார்களா?

பொது உடல்நலத் தேர்வில் அட்டவணை வேறாக இருப்பது, வயதுவாரி அட்டவணை போலத்தான், யாருக்கும் இழுக்கில்லை. வேலைத் தேர்வில் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். 2025-ல் வந்த அமெரிக்கத் தேர்வு போர்ப் பணிகளுக்கு ஆண், பெண் இருபாலாருக்கும் ஒரே அட்டவணையை வைத்து, 500-க்கு 350 தேவை என்கிறது. மற்றப் பணிகளுக்கு 300 போதும்.

ஒரே அளவு இருப்பதால் அதிகம் பயன்பெறுபவர் பெண் அதிகாரிதான் என்று நினைக்கிறேன். 2015 ஆகஸ்டில் கிறிஸ்டன் கிரீஸ்ட், ஷே ஹேவர் என்ற இரண்டு அதிகாரிகள் ரேஞ்சர் பள்ளியை முடித்த முதல் பெண்கள் ஆனார்கள். அளவைத் தளர்த்திவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பியது. உடன் பயின்ற ஆண்களே அதை மறுத்து, களைத்துப்போன நேரத்தில் தங்கள் சுமையை வாங்கிக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

தலைவரே தேர்வில் தவறிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

தானே சொல்லிவிட வேண்டும், அன்றைக்கே. பிரிவில் அது எப்படியும் தெரிந்துவிடும். எழுத்தர் வழியாகத் தெரிவதைவிட அவர் வாயால் தெரிவது நல்லது. மறுதேர்வு எப்போது என்பதையும் சொல்லிவிட்டு, காலையில் பின்தங்கியவர்களின் வரிசையில் போய் நின்று பயிற்சி எடுக்கலாம். தவறியதால் போன மரியாதை தேறினால் திரும்பி வரும். மருத்துவச் சீட்டைக் காட்டி ஒதுங்கினாலோ, கடிகாரத்தைக் கொஞ்சம் தாமதமாக அழுத்தச் சொன்னாலோ போகும் மரியாதை திரும்பாது. அன்று கடிகாரம் பிடித்திருந்த இளநிலை வீரன் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

அமைப்புக்கும் இதில் பொறுப்பு உண்டு. அமெரிக்க ராணுவத்தில் தவறியவரின் பதவி உயர்வு, மறுபடி தேறும்வரை நிறுத்திவைக்கப்படும். இந்திய ராணுவத்தில் மனநலம், செவி, கை கால், உடல்திறன், பார்வை என ஐந்தையும் பார்க்கும் 'ஷேப்' மருத்துவ வகைப்பாடு அதிகாரியின் பதவி உயர்வையே பாதிக்கும். 2024-ல் அங்கே இன்னொரு மாற்றமும் வந்தது: தேர்வை அந்தந்தப் பிரிவின் கமாண்டிங் அதிகாரியின் கையிலேயே விட்டுவிடாமல், பிரிகேடியர் தலைமையிலான குழு மேற்பார்க்கும் முறை. சொந்த ஆளைச் சொந்த ஆளே அளக்கும்போது வரும் தர்மசங்கடம் இதனால் குறையும்.

என் அதிகாரியால் ஓட முடியவில்லை. அவருக்குச் சல்யூட் அடிக்க மனம் வரவில்லை. என்ன செய்ய?

அடியுங்கள். சல்யூட் அவருடைய தோளில் இருக்கும் சின்னத்துக்கு. நாடு அவருக்குக் கொடுத்த பொறுப்புக்கு. அது உங்கள் மனநிலையைப் பொறுத்ததாக இருந்தால், குண்டு விழும் நேரத்தில் யார் சொல்லை யார் கேட்பது?

மனத்துக்குள் எழும் மரியாதை வேறு. அதை யாரும் உங்களிடம் கட்டளையிட்டு வாங்க முடியாது. ஆனால் அதற்கும் ஓட்டத்தை மட்டும் அளவாக வைக்காதீர்கள். இந்திய ராணுவக் கலைக்கழகத்தை 1932-ல் திறந்துவைத்த, பின்னாளில் ஃபீல்ட் மார்ஷல் ஆன செட்வுட் அங்கே சொன்ன வரிசை: முதலில் நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும், அடுத்து நீ நடத்தும் வீரர்களின் மானமும் நலனும் வசதியும், எப்போதும் கடைசியில்தான் உன் சுகமும் பாதுகாப்பும். உங்கள் அதிகாரி இந்த வரிசையில் நிற்கிறாரா என்று பாருங்கள். உங்கள் விடுமுறைக்காக வாதாடுகிறாரா? உங்கள் தவறுக்கு மேலிடத்தில் தான் பதில் சொல்கிறாரா? அவருடைய முழங்காலில் பழைய காயம் இருக்கிறதா என்று எப்போதாவது விசாரித்தீர்களா? எல்லாம் பார்த்த பிறகும் அவர் சோம்பலால்தான் இப்படி இருக்கிறார் என்று தெரிந்தால், உங்கள் மனத்தில் அவருக்கு இடம் குறைவதை யாரும் குறை சொல்ல முடியாது. அதைக் கேலியாக மட்டும் வெளியில் விடாதீர்கள். பிரிவுக்குள் புகுந்த கேலி அடுத்து நல்ல அதிகாரியையும் தொடும்.

தண்டனையாகத் தண்டால் எடுக்க வைப்பது சரியா?

இந்தியப் படைகளில் இதற்கு 'ரகடா' என்று பெயர். பல தலைமுறையாக நடப்பது. ஒரு சின்னத் தவறுக்குப் பத்து தண்டால் என்பதில் பெரிய தீங்கில்லை. அதைச் சொன்னவரே கூடச் சேர்ந்து எடுத்தால் பிரிவே சிரித்துக்கொண்டு எடுக்கும். எல்லை மீறினால் விளைவு கொடியது. தசை சிதைந்து அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகமே செயலிழக்கலாம். கடும் வெயிலில் உயிரே போகலாம். அதைவிட மெதுவாக நடக்கும் கேடு ஒன்றும் உண்டு. உடற்பயிற்சி என்றாலே தண்டனை என்று இருபது வயதில் பதிந்துவிட்டால், கட்டாயம் நீங்கும் நாளில் அவர் ஓட்டத்தையும் நிறுத்திவிடுவார். நாற்பது வயதில் அவர் அதிகாரியாக இருக்கும்போது உடல் ஏன் அப்படி இருக்கிறது என்று பிறகு கேட்டுப் பயனில்லை.

நான் இன்னும் சேரவில்லை. எப்படித் தயாராவது?

மெதுவாக. ஆர்வக்கோளாறில் முதல் வாரமே தினமும் பத்து கிலோமீட்டர் ஓடி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை முறிவு வாங்கிக்கொள்பவர்கள் ஏராளம். தூரத்தை வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடுவில் ஓய்வு நாள் விடுங்கள். ஓட்டத்தோடு நிறுத்தாமல் கம்பியில் தொங்கி ஏறுவதையும், முதுகுச் சுமையோடு நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமையை இலேசாகத் தொடங்குங்கள். புதிதாக வெப்பமான இடத்துக்குப் போனால் உடல் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை கடும் ஓட்டம் வேண்டாம். நெஞ்சுவலி, மயக்கம், குடும்பத்தில் இளவயது இதயநோய் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கூடவே ஓட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்களைவிட மெதுவாக ஓடுபவரை. அவரை விட்டுவிடாமல் கடைசிவரை கூட்டிவரப் பழகியிருந்தால், பின்னால் ஒரு பிரிவு உங்கள் கையில் வரும்போது அது உதவும்.